மாதா கோயில் தரைக்கல்

நம்பாதவங்க போங்க, பரவாயில்ல. போன ஆடி மாசம், புதன்கிழமை, சாயங்காலம் 5.40. என் காதால கேட்டது இது.

நான் கோதண்டராமன். செஞ்சியில டைல்ஸ் மேஸ்திரி. அனந்தபுரம் போற வழியில ஒரு பழைய மாதா கோயில், ஊர் பேரு வேணாம். நூறு வருஷத்துக்கு மேல ஆன கட்டடம். திருவிழாவுக்கு முன்னாடி அந்தக் கருங்கல் தரை மேல டைல்ஸ் ஒட்டச் சொன்னாங்க.

பீடத்துக்கு எதிர்ல ஒரு கல்லு. எட்டு வருஷம் முன்னாடி பெயிண்ட் அடிக்க வந்த தேவேந்திரன் அதுமேலதான் விழுந்து செத்தான். அவன் ஏறின சாரத்தைக் கட்டினது நான். கட்டு லூசா இருக்குதுன்னு எனக்குத் தெரியும். மதியம் பார்த்துக்கலாம்னு விட்டுட்டேன். அவனா தவறி விழுந்தான்னு எல்லாரும் நம்பிட்டாங்க. நானும் வாயே திறக்கல.

அவன் அம்மா மீனம்பாள் மாரியம்மன் கும்பிடறவங்க. ஆனாலும் தினம் கோயிலுக்கு வந்து அந்தக் கல்லத் தொட்டுட்டுப் போவாங்க. நான் டைல்ஸ் ஒட்டின அன்னிக்கு மதியமும் வந்தாங்க.

"அந்த ஒத்தக் கல்ல மட்டும் மூடாதப்பா."

சரிக்கான்னு தலையாட்டினேன்.

மூடிட்டேன். அந்தக் கல்லப் பார்க்கவே என்னால முடியல, அதான்.

ஒட்டினதை ரப்பர் சுத்தியால தட்டினேன். கீழே சிமெண்ட் பிடிக்காம பொள்ளலா இருந்தா சத்தத்துலயே தெரிஞ்சிடும். டொக்... டொக்... டொக். பொள்ளல் இல்ல.

கீழேர்ந்து... டொக். டொக். டொக்.

சுத்திப் பார்த்தேன். ஆளுங்க கை கழுவ வெளிய போயிருந்தாங்க.

ரெண்டு தட்டினேன்.

ரெண்டு வந்துச்சு.

காதை வெச்சேன்...

"அண்ணே... ஏறட்டா?"

அவன் கடைசியா என்னைக் கேட்டது அதுதான். அன்னிக்கு நான், ஏறுடான்னேன்.

ஓடிட்டேன். சிமெண்ட் ஈரமாத்தான் இருந்துது. பெயர்த்திருக்கலாம்... பெயர்க்கல.

ராத்திரி தூக்கமே இல்ல. விடிஞ்சதும், எல்லாத்தையும் சொல்லிடணும்னு மீனம்பாள் அக்கா வீட்டுக்குப் போனேன். நான் ஆரம்பிக்கறதுக்குள்ள அவங்களே சொன்னாங்க. நேத்து அஞ்சே முக்காலுக்கு யாரோ கதவைத் தட்டினாங்களாம். மொதல்ல மூணு, அப்புறம் ரெண்டு. தொறந்தா ஆள் இல்லையாம். வாசப்படியில ஒரு முழம் பழைய கயிறு, முடிச்சோட கெடந்துச்சாம்.

எடுத்துட்டு வந்து காட்டினாங்க.

"இது இன்னா கயிறுப்பா? உனக்குத் தெரியுமா?"

இடது கைக்காரன் போட்ட சாரக்கட்டு முடிச்சு. எங்க செட்டுல இடது கை நான் ஒருத்தன்தான். தேவேந்திரனை அடக்கம் பண்ண அன்னிக்கே அவன் ஏறின சாரத்துக் கயித்தை நானே அடுப்புல போட்டு எரிச்சேன்.

தெரியாதுக்கான்னு சொல்லிட்டு வந்துட்டேன்.