உறையாத நெய்

போன மாதம் திண்டிவனத்தில் ஒரு கல்யாணம். பெண்ணின் அப்பா என் நண்பர். முதல் நாள் மத்தியானம், சித்திரை வெயிலில் சமையல் கொட்டகையில் நின்றிருந்தேன்.

மாப்பிள்ளையின் சித்தப்பா நெய்ப் பானையைத் திறந்து கரண்டியை விட்டார். தண்ணீராக வழிந்தது.

"இன்னாய்யா இது? மல்லாட்டை எண்ணெய ஊத்திக்கினு வந்து நெய்யின்றீங்க?"

மல்லாட்டை என்றால் இந்தப் பக்கத்தில் நிலக்கடலை. நெய்யைக் கொண்டுவந்தவள் அஞ்சலை. ஒரே எருமை. அதன் வெண்ணெயை உருக்கி விற்றுத்தான் அவள் வீட்டில் அடுப்பெரிகிறது. நண்பர் வீட்டுக்கு வருஷக்கணக்காக அவள் நெய்தான்.

"இந்த வெயில்ல மனுசனே உருகிப் போறான்யா. நெய்யி உறைஞ்சிக்கினு நிக்குமா? மோந்து பாருங்க."

"நெய்யிதான் தண்ணி... வாய் நல்லா கெட்டி!"

கொட்டகையே சிரித்தது. அவர் மோந்து பார்க்கவில்லை.

கடைத்தெருவிலிருந்து டின் வந்தது. வெள்ளை வெளேரென்று, குத்தி வைத்தால் கரண்டி நிற்கும் போல. "இது நெய்யி!" என்றார்.

அது வனஸ்பதி. வெண்ணெயின் கொழுப்பு வெயிலுக்கு இளகும். இதுவோ சட்டென்று இளகாதபடி, ஆலையில் எண்ணெய்க்குள் வாயுவைச் செலுத்திக் கெட்டியாக்கிய கொழுப்பு. என்ன எண்ணெய்? பெரும்பாலும் மல்லாட்டை எண்ணெய்தான்! நம் வயலில் விளைந்து, விழுப்புரத்தில் ரயிலேறி, நெய் என்ற பட்டத்தோடு திரும்பி வருகிறது.

பத்திரிகையில் எழுதுகிறவன், சும்மா இருக்க முடியுமா? இதைச் சொன்னேன். "பேப்பர்காரங்களுக்கு எதுலதான் சந்தேகம் இல்ல?" என்றார் சித்தப்பா. நண்பர் என் கையை அழுத்தினார். பெண்ணைப் பெற்றவர் — பேசுவாரா?

அஞ்சலை பானையைத் தூக்கிக்கொண்டு போனாள். அவளுக்கு முன்பே சேதி தெருவுக்குப் போய்விட்டது. யுத்த காலம், கலப்படம் என்றால் எதையும் நம்புவார்கள். வாடிக்கை வீடுகள் ஒவ்வொன்றாக 'வேண்டாம்' என்றன.

நேற்று நண்பர் வீட்டுக்குப் போனேன். வாசலில் அஞ்சலை. வெயில் குறையவில்லை, பானையில் நெய் மட்டும் கெட்டியாக இருந்தது. நண்பர் சாய்த்துப் பார்த்தார். அசையவில்லை.

"இப்பதான் அஞ்சலை, நெய்யி நெய்யா இருக்குது!"

அவள் சிரிக்கவில்லை. தெருவில் இறங்கியதும் கேட்டேன்.

"இன்னா பண்ணச் சொல்றீங்கய்யா? பாதி எருமை, பாதி டின்னு. உருகற நெய்ய ஒருத்தரும் வாங்கல. புள்ளைங்களுக்குக் கூழு ஊத்தணுமில்ல?"

அதுவரை அறியாத கலப்படத்தை அவளுக்கு நாமே கற்றுக்கொடுத்துவிட்டோம்...

எல்லாம் சுத்தமான நெய் வேண்டும் என்றுதான்!