நோவு தேடி வருகிறவர்கள்

மற்ற வைத்தியர்களிடம் நோவு போகவேண்டும் என்று வருவார்கள்; என் தொழிலிலோ ஊசி குத்தும்போது நோயாளி காலை வெடுக்கென்று இழுத்தால்தான் எனக்கு நிம்மதி. நாவற்குடாவில் அக்குபங்சர் செய்கிறேன். வருகிறவர்களில் அதிகம்பேர் சீனி வருத்தத்தால், அதாவது நீரிழிவால், கால் நரம்பு கெட்டவர்கள். ஊசியால் சிலருக்கு எரிவு குறைகிறது, கொஞ்சம் நித்திரை வருகிறது. செத்த நரம்பு எழும்பும் என்று நான் ஒருவருக்கும் சொன்னதில்லை. அதைச் சொல்வதற்கென்றே பஸ்ஸில் மருந்தெண்ணெய் விற்கிற ஆட்கள் இருக்கிறார்கள். விறைத்த காலோடு இதை வாசிக்கிற உங்களிடமும் சொல்லியிருப்பார்கள்.

ஒற்றைச் செருப்பு

காத்தான்குடியில் புடவைக்கடை வைத்திருக்கும் ஹனீபா நானா ஒருநாள் பஸ்ஸால் இறங்கி நடந்து வந்தார். ஒரு காலில் செருப்பு இருந்தது, மற்றதில் இல்லை. "மற்றச் செருப்பு எங்க நானா?" என்று நான் கேட்ட பிறகுதான் குனிந்து பார்த்தார். எங்கே கழன்றது என்று அவருக்குத் தெரியவில்லை. மத்தியான வெயிலில், தார் ரோட்டில், வெறுங்காலோடு வந்திருக்கிறார். உள்ளங்கால் சிவந்து கிடந்தது. கழுவித் துடைத்துவிட்டு, கழன்று போகாத செருப்புத்தான் போடவேண்டும் என்று என் வழக்கமான பிரசங்கத்தைத் தொடங்கினேன். அவர் மிஞ்சிய செருப்பைக் கழற்றி வாசலுக்கு வெளியே வைத்தார்.

"கண்டெடுத்தவன் இதையும் கொண்டு போகட்டும், டொக்டர். அவனுக்காவது சோடியா இருக்கும்."

கண்ணை மூடிக்கொண்டு

மூத்ததம்பி அண்ணன் கொக்கட்டிச்சோலைப் பக்கம் வயல் செய்கிறவர். மகளுக்குப் பிள்ளை கிடைத்தால் தீ மிதிப்பதாக அம்மனுக்கு நேர்த்தி வைத்திருந்தார். பிள்ளை கிடைத்துவிட்டது. ஆனால், விறைத்த காலில் உணர்வு திரும்பியது என்று டொக்டர் சொன்னால்தான் தீயில் இறங்கலாம் என்று மகள் கண்டிப்பாகச் சொல்லிவிட்டாள். அதனால் மனைவி புஷ்பம் அக்காவோடு ஒழுங்காக ஊசிக்கு வந்தார்.

ஒருநாள் கண்ணை மூடச் சொல்லி, உள்ளங்காலைப் பஞ்சால் தொட்டுத் தொட்டுக் கேட்டேன். ஒவ்வொரு தரமும் ஆமென்று தலையை ஆட்டி, "ஓம், தெரியுது" என்றார். எனக்குச் சந்தேகம் வந்தது. கையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டு, "இப்ப?" என்றேன். "இப்ப நல்லாத் தெரியுது" என்றார். புஷ்பம் அக்கா முகத்தைத் திருப்பிக்கொண்டார். எனக்குக் கோபம் வந்துவிட்டது. இந்தக் காலோடு தீயில் இறங்கினால் வெந்தாலும் தெரியாது, காலே போகும் என்று முகத்துக்கு நேரே சொன்னேன்.

"ஒரு ஓம் சொன்னா உங்களுக்கு என்ன குறைஞ்சு போகும், டொக்டர் புள்ள? தீயப் பார்க்கிறவ அம்மன்தானே."

துணியை அவிழ்த்தபோது

தீமிதிப்பு முடிந்த அடுத்த கிழமை மிகவும் சந்தோசமாக வந்தார். என் ஓமும் இல்லாமல், மகளின் சொல்லையும் மீறித் தீயில் இறங்கியிருக்கிறார். மற்றவர்கள் தீக்குழியில் ஓடினார்களாம். இவர் ஆறுதலாக, அவசரமில்லாமல் நடந்தே போனாராம். சனம் அவர் காலில் விழுந்து கும்பிட்டதாம். வழக்கம்போல ஊசிக்குக் காலை நீட்டினார். ஒரு காலில் கொப்புளங்கள் காய்ந்திருந்தன; மற்றக் காலில் சுற்றியிருந்த துணியை அவிழ்த்தேன். மஞ்சளும் வேப்பிலையும் அரைத்து அப்பியிருந்தார்கள். அதன் அடியில் உள்ளங்கால் கறுத்துப்போய், ஓரத்தால் சீழ் வந்துகொண்டிருந்தது. "ஒரு சொட்டும் நோகல்ல" என்று அவரே எனக்கு ஆறுதல் சொன்னார். ஊசிப்பெட்டியை மூடிவிட்டு, ஓட்டோவைக் கூப்பிட்டு, நானும் புஷ்பம் அக்காவும் ஆளுக்கொரு பக்கம் பிடித்து ஏற்றினோம். பெரியாஸ்பத்திரிக்கு என்றதும் அவர் முகம் இருண்டது.

"அம்மன் காத்த காலக் கொண்டுபோய்க் காட்டி, அவ காக்கல்ல எண்டு என்னையே சொல்லச் சொல்றீங்களா?"

வெறும் மெத்தை

ஆஸ்பத்திரியில் அந்தக் காலை முழங்காலுக்குக் கீழே எடுத்துவிட்டார்கள். சில மாதம் கழித்துப் புஷ்பம் அக்கா ஊன்றுகோலோடு அவரைக் கூட்டி வந்தார். எடுத்த காலின் உள்ளங்கால் எரிகிறதாம், இரவில் படுக்க விடுவதில்லையாம். இப்படி வருவது உண்டு, கால் போனாலும் மூளை அதை மறப்பதில்லை என்று விளக்கினேன். மற்றக் காலிலும் காதிலும் ஊசி போட்டுப் பார்க்கலாம் என்றேன். இந்த முறை நான் சொல்லாமலே அவர் கண்ணை மூடினார். கால் இருந்த இடத்தில் மெத்தையைத் தடவிக் காட்டினார்.

"இது பொய் இல்ல, டொக்டர் புள்ள, தெரியுது. அண்டைக்குச் சுடாத தீ இப்பதான் சுடுது."

'தெரியுது' என்று அவர் உண்மையாகவே சொன்ன நாளில், தொட்டுப் பார்க்க அங்கே கால் இல்லை.