தெருவாசலில் நின்றால் கொல்லை தெரியும்

எங்கள் காரைக்குடி வீட்டுக்கு யார் வந்தாலும் நான் ஒரே பெருமையைத்தான் அடித்துவிடுவேன். தெருவாசலில் நின்றால் அத்தனை கதவுகளும் ஒரே நேராகத் திறந்து, கொல்லையில் கட்டிய மாடு வரை தெரியும். மாடு செத்து வெகு காலமாகிவிட்டது. பெருமைக்கு மட்டும் சாவில்லை.

சென்ற கோடையில் அமெரிக்காவிலிருந்து தங்கை மகள் வந்தாள். பத்தாம் வகுப்பு. அம்மாவிடம் கற்ற ஊர்த்தமிழை மூக்கால் பேசுவாள். அவளையும் வாசலில் நிறுத்தினேன்.

"உங்க மாமா ஆரம்பிச்சுட்டாக. முடிக்கிறதுக்குள்ள நீ காலேஜே சேந்துரலாம்" என்றாள் மனைவி, உள்ளிருந்து.

பிள்ளை சிரிக்கவில்லை. நீண்டுபோகும் கதவுகளையே பார்த்தாள்.

"மாமா, ஒருத்தன் துப்பாக்கியோட இங்க நின்னா எல்லாரும் தெரிவீகளே. எங்குட்டு ஒளிவீக?"

"இங்குட்டு வாரவன் கல்யாணப் பத்திரிகையோடதான் வருவான் ஆத்தா."

அதற்கும் சிரிக்கவில்லை. துப்பாக்கிக்காரன் புகுந்தால் எப்படி ஒளிவது என்று அவள் பள்ளியில் அடிக்கடி ஒத்திகையாம். விளக்கை அணைத்துவிட்டு, கதவிலிருந்து பார்த்தால் தெரியாத மூலையில் சத்தமில்லாமல் உட்கார வேண்டுமாம்.

"ஒருதடவ எனக்குத் தும்மல் வந்துருச்சு மாமா. நெசமா இருந்தா உன்னால நாங்க செத்திருப்போம்னு ஃப்ரெண்ட்ஸ் சொல்லிட்டாக. இப்ப சாப்பிடுறப்பகூட யாரும் பக்கத்துல உக்கார்றதில்ல."

எங்கள் வீட்டில் பிள்ளைகள் தும்மினால், பக்கத்தில் இருப்பவர் உடனே 'நூறு' என்பார். நூறு வயது இருக்கட்டும் என்று பொருள். எதற்கும் ஒரு கேலியைக் கைவசம் வைத்திருக்கும் எனக்கு அன்று அந்த ஒரு சொல்தான் வந்தது.

"நூறு" என்றேன்.

"இப்ப நான் தும்மலையே மாமா" என்றாள்.