அயனி மரத்தடியில் போட்ட நாற்காலிகள்

ஆளுக்கு ஏற்றபடி வளைந்து கொடுக்கும் பேச்சுச் சிகிச்சை என்று அதற்குப் பெயர். பட்டாளத்திலிருந்து திரும்பி, வருஷக்கணக்காக உள்ளுக்குள்ளேயே நொந்து கிடப்பவர்களுக்கு அது பலன் தருமா என்று சோதித்துப் பார்க்க, 2012இல் நாகர்கோவிலில் ஓர் ஆஸ்பத்திரியின் பின்பக்கம் ஓர் அறை ஒதுக்கினார்கள். எனக்கு அங்கே கவுன்சலர் வேலை. எதை முதலில் பேசுவது, எதைத் தள்ளிப்போடுவது, எத்தனை வாரம் பேசுவது, எல்லாம் வருகிறவரின் விருப்பம் என்றார்கள். கேட்கும்போதே எனக்கு மனசு குளிர்ந்தது. அவ்வளவு அப்பாவியாக இருந்திருக்கிறேன்.

இரணியலிலிருந்து ஒருவர் வந்தார். ஓய்வுபெற்ற ஹவில்தார், வயது ஐம்பது தாண்டியிருக்கும். முதல் நாளே அறை வாசலில் நின்றுவிட்டார்.

"நான் யாருக்க வீட்டுக்குள்ளயும் ஏறுகது இல்ல மேடம்."

சொந்த வீட்டைத் தவிர வேறு எந்த வாசற்படியையும் தாண்டி இருபது வருஷத்துக்கு மேலாகிறதாம். மகளின் கல்யாணத்தைக்கூட சர்ச்சின் பக்கத்துச் சன்னல் வழியாகத்தான் பார்த்திருக்கிறார். மகளைக் கைப்பிடித்து உள்ளே கூட்டிப்போனது தாய்மாமன். சம்பந்தி வீட்டார் அதைத் தலைக்கனம் என்று எடுத்துக்கொண்டார்கள். இப்போது மகள் புதுவீடு கட்டிக்கொண்டிருந்தாள்; பால் காய்ச்சிக் குடிபோக நாளும் குறித்தாயிற்று.

"பால்காய்ச்சு அண்ணைக்கு மட்டும் நான் உள்ள ஏறணும். எனக்க மவ அது ஒண்ணுதான் கேட்டிருக்கா. அதுக்காச்சுட்டிதான் வந்தேன்" என்றார்.

இரண்டு நாற்காலிகளைத் தூக்கிக்கொண்டுபோய் வெளியே அயனி மரத்தடியில் போட்டேன். வளைந்து கொடுப்பதென்றால் அதுதானே என்று நினைத்தேன். வாரா வாரம் நிரப்ப வேண்டிய படிவத்தில் மரத்தடிக்குக் கட்டம் இல்லை. 'அறை' என்ற கட்டத்திலேயே டிக் அடித்தேன்.

நாலு வாரம் ரப்பர் விலை, மகளின் வீட்டு வேலை, முட்டுவலி என்றே போயிற்று. ஐந்தாம் வாரம், நான் எதுவும் கேட்காமலே, சொன்னார். எண்பதுகளின் கடைசியில் அவரை அமைதிப்படையோடு கடலுக்கு அக்கரைக்கு அனுப்பியிருக்கிறார்கள். அவருடைய பட்டாளக் கம்பெனியில் தமிழ் தெரிந்தவர் அவர் ஒருவர்தான். வீடுகளைச் சோதிக்கப் போகும்போதெல்லாம் அவரைத்தான் முன்னால் நிறுத்துவார்களாம்.

"எனக்க பேச்சக் கேட்டா அவியளுக்கு நம்ம ஆளுன்னு தோணும். கதவு தெறப்பாவ. பயப்படாதீங்க, ஒண்ணும் ஆவாது, வெளிய வாங்கன்னு நான் சொல்லணும். ஒருத்தன் சட்டைக்குப் பட்டன் போட்டுக்கிட்டே வந்தான். விசாரிச்சுட்டு விட்டிருவாவன்னு அவனுக்க அம்மைகிட்டயும் நான்தான் சொன்னேன். அவன் பொறவு திரும்பி வரல்ல."

அதன்பிறகு வெகுநேரம் தரையையே பார்த்துக்கொண்டிருந்தார். நானும் சும்மா இருந்தேன். நான் உருப்படியாகச் செய்த ஒரே காரியம் அப்படிச் சும்மா இருந்ததுதான்.

ஆறாம் வாரம் அவராகவே நடந்துபோய் அறைப்படியில் ஒரு காலை வைத்தார். சற்று நேரம் நின்றுவிட்டு எடுத்துக்கொண்டார். இரண்டுபேரும் சின்னப்பிள்ளைகள் மாதிரி சிரித்தோம். பால்காய்ச்சுக்கு இன்னும் ஒரு மாதம் இருந்தது. நடந்துவிடும் என்றே நம்பினேன்.

அந்தச் சமயத்தில்தான் சென்னையிலிருந்து ஆய்வின் மேலதிகாரி வந்து எங்களை மரத்தடியில் பார்த்துத் தொலைத்தார். பேச்சைப் பதிவு செய்ய வேண்டுமாம், பதிவில் பஸ் ஹாரனும் காக்கைச் சத்தமும் விழக்கூடாதாம். "நெகிழ்வு என்பது பேச்சின் வரிசையில் மட்டும். இடத்தில் இல்லை. அடுத்த வாரம் அறைக்குள் நடக்காவிட்டால் இவரைக் கணக்கில் சேர்க்க முடியாது" என்றார். முடியாது என்று நான் சொல்லியிருக்கலாம். என் வேலையைப் புதுப்பிக்கும் மாதம் அது. வாயை மூடிக்கொண்டேன்.

அடுத்த வாரம் அவர் வாசலில் நின்றார். நான் உள்ளே நின்றுகொண்டு, என் வாயால், "பயப்படாதீங்க சார், ஒண்ணும் ஆவாது, உள்ள வாங்க" என்றேன்.

சொல்லி முடித்த பிறகுதான் எனக்கே உறைத்தது. அவர் என்னை ஒரு தடவை பார்த்தார். பிறகு செருப்பைக் கழற்றிவிட்டு, உத்தரவுக்குக் கீழ்ப்படிகிறவராக உள்ளே வந்து நாற்காலி நுனியில் உட்கார்ந்தார். கேட்டதற்கெல்லாம் "ஆமா மேடம்" என்றார். முக்கால் மணி நேரம். பதிவு சுத்தமாக வந்திருப்பதாகப் பாராட்டினார்கள். அவர் அப்புறம் வரவே இல்லை. வாசற்படி தாண்டி அறைக்குள் வந்து உட்கார்ந்தார் என்பதால் ஆய்வில் அவர் பெயருக்கு நேரே 'முன்னேற்றம்' என்று எழுதினார்கள். கையெழுத்துப் போட்டது நான்.

பால்காய்ச்சுக்கு மகள் என்னையும் அழைத்திருந்தாள். போனேன். ஜெபம் முடிந்து, அடுப்பில் பால் பொங்கி, எல்லாரும் குடித்துக்கொண்டிருந்தார்கள். அவர் ரோட்டுக்கு அந்தப் பக்கம், வெள்ளைச் சட்டை போட்டு நின்றுகொண்டிருந்தார். மகள் வாசலில் நின்று அவரைப் பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்தாள். "ஒங்ககிட்ட வந்து நல்லாயிட்டேன்னு அப்பா சொன்னாவளே மேடம்" என்றாள்.

நான் ரோட்டைக் கடந்து அவரிடம் போனேன். வாயைத் திறப்பதற்குள் அவரே பேசினார். குரலில் கோபம் இல்லை. கோபம் இருந்திருந்தால் தாங்கியிருப்பேன்.

"அண்ணைக்கு நீங்க கூப்பிட்டதும் நான் வந்தேன், பாத்தியளா? அவனும் அப்படித்தான் மேடம் வந்தான்."

நான் எதற்காக ரோட்டைக் கடந்தேனோ, அதைச் சொல்லாமலே திரும்பி வந்தேன்.