யாரும் தேடாத ரிப்போர்ட்

தண்டலம் பக்கத்து பம்ப் ஃபேக்டரிக்குக் கம்ப்யூட்டர் வந்தது எண்பத்தேழில். செருப்பைக் கழற்றிவிட்டு அந்தக் குளிரறைக்குள் போய் உட்கார இரண்டே பேருக்குத்தான் உரிமை. அதில் ஒருவன் படப்பை யாக்கோபு. புரோகிராம் எழுதுவதில் புலி என்று தன்னைப்பற்றித் தானே சொல்லிக்கொள்வான். அவனுடைய சரக்கு ரிப்போர்ட் தினமும் கட்டுக்கட்டாக அச்சாகி எல்லா மேசைக்கும் போகும். அந்தக் கனத்தைக் கையில் ஏந்தும்போது அவனுக்கு நெஞ்சு நிமிரும்.

இன்னொருத்தி ரத்னா, புதிதாக வந்தவள். அவள் எழுதியது ஒரு துக்கடா. நாளைக்கு எந்தச் சாமான் தீரும் என்று காலையில் மேசைக்கு ஒரே ஒரு சீட்டு அடித்துத் தரும், அவ்வளவுதான். "இதெல்லாம் ஒரு புரோகிராமா?" என்று யாக்கோபு சிரித்தான். கம்ப்யூட்டர் செக்ஷன் பொறுப்பு தனக்குத்தான் வரும் என்று மனைவி சூசையம்மாளிடம் சொல்லியும் வைத்திருந்தான்.

கிருத்திகைக்கு வல்லக்கோட்டை முருகன் கோயிலுக்குப் போக ரத்னா ஒருநாள் லீவு போட்டாள். அன்று சீட்டு வரவில்லை. ஸ்டோர் எல்லப்பன் மூச்சிரைக்க ஓடிவந்தார்.

"சீட்டு எங்க சார்? அம்பத்தூருக்கு லாரி கெளம்பணும். இன்னா ஏத்திகினு வர்றதுன்னு தெரியாம டிரைவர் நிக்கிறாரு!"

"என் ரிப்போர்ட்ல பாருங்க, எல்லாம் இருக்குது."

"அத்தப் பாத்து முடிக்கிறதுக்குள்ள ஷிப்டே முடிஞ்சிடும் சார். ரத்னாம்மா எப்ப வருவாங்க?"

யாக்கோபுக்கு வயிறு எரிந்தது. பொறாமைதான், வேறென்ன? நேற்று வந்தவளுக்கு இத்தனை மவுசா! அவள் சீட்டுக்கே இந்தக் கூத்தென்றால், தன் ரிப்போர்ட் நின்றால் ஃபேக்டரியே தவிக்குமே. தவிக்கட்டும், தன்னைத் தேடி வரட்டும் என்று அச்சடிப்பதையே நிறுத்திவிட்டான்.

மறுநாள் ரத்னா வேலைக்குத் திரும்பிவிட்டாள். கதவு திறக்கும்போதெல்லாம் யாக்கோபு நிமிர்ந்து பார்த்தான். வந்தவர்கள் எல்லோரும் ரத்னாவிடம் போனார்கள், சீட்டை வாங்கினார்கள், "வர்றேம்மா" என்று கிளம்பினார்கள். ஒருவர் அவளுக்கு வீட்டு முருங்கைக்காய்கூடக் கொண்டுவந்து தந்தார். யாக்கோபுக்குச் சோறு இறங்கவில்லை.

சனிக்கிழமை, மானேஜர் பாண்டுரங்கன் குளிரறைக்கு வந்திருந்த நேரம், கான்டீன் பாப்பம்மாள் தலையை நீட்டினாள்.

"யாக்கோபு சார், ஒரு வாரமா உங்க ரிப்போர்ட்டு வரலியே?"

அவன் துள்ளி எழுந்தான். "ஏம்மா, ரொம்பக் கஷ்டமா பூடுச்சா?" என்று மானேஜர் காதில் விழும்படி கேட்டான்.

"ஆமா சார். போண்டா மடிக்கக் காயிதமே இல்ல."

மானேஜர் சிரிக்கவில்லை. "எனக்கும் ஒரு கட்டு வருமில்ல? நின்னுபோனதை இப்பத்தான் கவனிக்கிறேன்" என்றார். பிறகு ரத்னா பக்கம் திரும்பி, "திங்கக்கிழமைலேர்ந்து செக்ஷனை நீங்க பாத்துக்குங்கம்மா" என்றார்.

ரத்னா தலையாட்டிவிட்டு மறுபடி வேலையைப் பார்த்தாள். அவள் ஒரு தடவை ஏளனமாகச் சிரித்திருந்தால்கூட யாக்கோபு தாங்கியிருப்பான்.