வரப்பில் இருந்த வெட்டுக்காயப் பூண்டு

சென்னையில் இன்று என் செருப்புக்கு அடியில் நசுங்கிய வெட்டுக்காயப் பூண்டின் பச்சை வாடை என்னை ஓரிடத்தில் நிற்கவிடவில்லை. பஸ் வந்தும் ஏறாமல் நடந்துகொண்டே இருந்தேன். அந்தமானில், எங்கள் ஊரான சிப்பிகாட்டில் அப்பா பாக்கு உரிக்கையில் விரலை வெட்டிக்கொள்ளும் போதெல்லாம், "ஜல்தி, வரப்புல பறிச்சிட்டு வாடி" என்பாள் அம்மா. நான் ஓடுவேன், இலையைக் கசக்கிக்கொண்டே திரும்புவேன், சாறு பட்டதும் அப்பா உஸ்ஸென்பார், ரத்தம் நின்றுவிடும்.

சுனாமியில் நிலமே தாழ்ந்துபோய், எங்கள் வயலுக்குள் வந்த கடல் திரும்பிப் போகவேயில்லை. அதன் பிறகும் ஒருநாள் அப்பா விரலை வெட்டிக்கொண்டார், அம்மா பழக்கத்தில் அதையே சொன்னாள், நானும் பழக்கத்தில் ஓடினேன். முழங்காலளவு உப்புத் தண்ணீரில் நின்றபோதுதான் வரப்பே இல்லை என்பது உறைத்தது. வெறுங்கையோடு திரும்பிய என் பாவாடையிலிருந்து சொட்டிய தண்ணீரைப் பார்க்கும்வரை, அம்மா இலைக்காகக் கையை நீட்டிக்கொண்டே இருந்தாள்.