நேராக்கிய நடை

என் வீட்டுக்காரர் நடந்தால் இரண்டு சத்தம் கேட்கும். வலது கால் வைக்கும்போது 'டப்' என்று ஒன்று. அதன் பிறகு இடது கால் செருப்பு தரையில் தேய்ந்துகொண்டு வரும் 'ஸ்ர்ர்'. கல்யாணமான புதிதில் காலாப்பட்டுக்குப் போகிற வழியில் சைக்கிளோடு விழுந்து இடது கால் எலும்பு முறிந்தது. கூடும்போது கொஞ்சம் குட்டையாகக் கூடிவிட்டது. அதற்கு முன்னால் அவர் எப்படி நடந்தார் என்பது எனக்கு மறந்தே போயிற்று. தெருமுனையில் அந்த 'ஸ்ர்ர்' கேட்டதுமே குழம்பைச் சூடு பண்ண வைத்துவிடுவேன்.

மில்லில் வேலை போனபிறகு தட்டாஞ்சாவடியில் ஒரு பட்டறைக்கு வாட்ச்மேனாகப் போனார். சர்க்கரை வந்து அதையும் விட்டார். டாக்டர் தினமும் நடக்கச் சொன்னார். தெருவில் இறங்கினால் நாலு பேர் பிடித்துவைத்துப் பேசுகிறார்கள் என்று மொட்டை மாடியிலேயே நடக்க ஆரம்பித்தார். நான் தண்ணீர் டேங்க் நிழலில் உட்கார்ந்து கீரை ஆய்வேன். கையில் போன் இருக்கும்.

அது என் மகளுடைய பழைய போன். மூலக்குளத்தில் இருக்கிறாள். புதுசு வாங்கியதும் இதை எனக்குக் கொடுத்தாள். அவள் வீட்டுக்காரர் எப்போதோ போட்டு மறந்த ஒரு ஆப் அதில் இருந்தது. திறந்தால் கலர் கலராகக் கட்டங்கள். ஒன்றை அழுத்தினால் மேளம், இன்னொன்றை அழுத்தினால் மணி. வரிசையாக அழுத்தி விட்டால் அதுவே திரும்பத் திரும்பச் சுற்றி வரும். மைக் படத்தைத் தொட்டால் வெளிச் சத்தத்தையும் பிடித்து வைத்துக்கொள்ளும். நான் அஞ்சாவது வரைதான் படித்தேன். தமிழை எழுத்துக் கூட்டிப் படிப்பேன், இங்கிலீஷ் தெரியாது. இதற்குப் படிப்பே வேண்டியிருக்கவில்லை. மோட்டார் ஓடுகிற ரீங்காரம், தோசைக்கல்லில் தண்ணீர் தெளித்த சத்தம், எல்லாவற்றையும் பிடித்துக் கட்டத்தில் போட்டுப் பார்ப்பேன். காதில் இயர்போன் இருப்பதைப் பார்த்து நான் சீரியல் கேட்கிறேன் என்று என் வீட்டுக்காரர் நினைத்துக்கொண்டிருந்தார்.

ஒருநாள் மகள் வந்தபோது போனை எடுத்துக் கேட்டுவிட்டாள்.

"யம்மா, இதை யாரு பண்ணது?"

"நான்தான். சும்மா."

"சும்மாவா? இதுக்குன்னு ஆளுங்க ராப்பகலா உக்காந்து பண்றாங்க, தெரியுமா உனக்கு?"

இப்படி வீட்டிலேயே செய்கிற இசையை எல்லோரும் போட்டுக் கேட்கிற இடம் ஒன்று இண்டர்நெட்டில் இருக்கிறதாம். அங்கே போடுகிறேன் என்றாள். பேர் வேண்டாம், போட்டோ வேண்டாம் என்று நான் கெஞ்சினேன். டேங்க்கைப் படம் எடுத்து அதைப் போட்டாள். 'மொட்டை மாடி' என்று எழுதினாள். அவ்வளவுதான்.

கேட்டவர்கள் கீழே எழுதியதை அவள்தான் போனில் படித்துச் சொல்வாள். எல்லாம் இங்கிலீஷ் எழுத்தில் எழுதிய தமிழ்.

"'செம ப்ரோ'ன்னு போட்டிருக்காங்கம்மா. உன்னை ப்ரோங்குறாங்க."

"அப்படின்னா?"

"அண்ணன் தம்பி மாதிரி."

"அப்படியே இருக்கட்டும், எதையும் சொல்லிடாத" என்றேன். பிறகு இயர்போனைக் கழற்றி வைத்துவிட்டுத் தனியாகச் சிரித்தேன்.

என் வீட்டுக்காரர் நடையைப் போனில் பிடித்தது அதற்குப் பிறகுதான். ஒருநாள் காலையில் அவர் மாடியில் நடந்து முடிக்கும் வரைக்கும் மைக்கைத் திறந்து வைத்துவிட்டேன். மேளமே வைக்கவில்லை. அந்த நடைதான் மேளம். அடியில் மோட்டார் ரீங்காரத்தை மெல்ல ஓடவிட்டு, இடையிடையே ஒரு மணியை வைத்தேன். முடித்ததும் அவருக்கே போட்டுக் காட்டினேன்.

கொஞ்ச நேரம் காது கொடுத்துக் கேட்டார். "இன்னாடி இது, என் நடையா?"

"ஆமாங்க."

"நான் நொண்டுறதை ஊருக்கே போட்டுக் காட்டப்போறியா?"

"யாருக்குத் தெரியப்போவுது?"

"போடு, போடு. எவனாச்சும் நல்லாருக்குன்னு சொன்னா, காலு என்னுதுன்னு சொல்லு." இன்னொரு தடவை போடச் சொல்லிக் கேட்டார். கேட்கும்போது உட்கார்ந்த இடத்தில் அவர் பாதம் ஆடிக்கொண்டிருந்தது.

மகள் அதைப் போட்டாள். இதற்கு முன்னால் எதற்கும் இத்தனை பேர் எழுதியதில்லை.

"யம்மா, எல்லாருக்கும் பிடிச்சிருக்கு. ஆனா ஒண்ணு சொல்றாங்க. பீட்டு தடுமாறுதாம். 'டைமிங் சரி பண்ணுங்க ப்ரோ'ன்னு ஒருத்தர். இன்னொருத்தர், ரெண்டாவது அடி லேட்டா விழுதுன்னு. இன்னும் ஒருத்தர், கட்டத்துல ஒட்ட வெச்சா எங்கியோ போயிடும்னு."

"வேற?"

"ஒரு ஆளு தெனம் 'கேட்டேன்'னு மட்டும் போடுறாரு. நல்லாருக்கு, இல்லைன்னு ஒண்ணும் கிடையாது. அதை விடு."

விட்டுவிட்டோம். அதை ஒரு அபிப்பிராயமாகவே நாங்கள் எடுத்துக்கொள்ளவில்லை.

"நான் பதில் போடட்டுமா? இது எங்கப்பா நடக்குறது, அவரு கால் அப்படித்தான்னு?"

"வேணாம், வேணாம். எதுக்கு அதெல்லாம்?"

நான் எப்போதுமே அப்படித்தான். டைலர் ஜாக்கெட்டைத் தோளில் பிடிக்கிற மாதிரி தைத்துக் கொடுத்தாலும் சரி என்று வாங்கிவந்து போட்டுக்கொள்வேன். கடையில் எனக்குப் பின்னால் வந்தவர்கள் வாங்கிக்கொண்டு போகும்வரை நிற்பேன். யாராவது ஒன்றைத் தப்பு என்று சொன்னால் அது தப்பாகத்தான் இருக்கும் என்று முதலில் நினைத்துவிடுவேன். அதிலும் இவர்கள் படித்தவர்கள், இதையே வேலையாகச் செய்கிறவர்கள்.

அடுத்த ஞாயிறு மகள் வந்து காட்டிக்கொடுத்தாள். நீளமாகப் பிடித்ததை அப்படியே வைத்தால் சரி பண்ண முடியாது. அதிலிருந்து ஒரு 'டப்'பை மட்டும் வெட்டி ஒரு கட்டத்தில், ஒரு 'ஸ்ர்ர்'ரை மட்டும் வெட்டி இன்னொரு கட்டத்தில் வைக்க வேண்டும். பிறகு காந்தம் மாதிரி ஒரு படம் இருக்கிறது, அதைத் தொட்டால் எல்லாச் சத்தமும் ஓடிப்போய்க் கோட்டில் ஒட்டிக்கொள்ளும். தொட்டேன். ஒட்டிக்கொண்டது. போட்டுக் கேட்டால் துளிப் பிசகு இல்லை.

அதைச் சேமிக்கப் போனபோது போனில் இடமில்லை என்று வந்தது.

"நீளமா எடுத்தது சும்மா இடத்தை அடைச்சிட்டு இருக்கும்மா. வேணுமா?"

"எதுக்கு? அதான் சரி பண்ணிட்டமே."

அழித்தாள். இண்டர்நெட்டில் இருந்த பழையதையும் எடுத்துவிட்டுப் புதியதைப் போட்டாள். அன்றைக்கு அவளுக்குக் காபி போட்டுக் கொடுத்துக்கொண்டே நான்தான் அத்தனைக்கும் தலையாட்டினேன்.

'இப்பதான் ப்ரோ பீட்டு நிக்குது' என்று எழுதினார்கள். எனக்குச் சந்தோஷமாகத்தான் இருந்தது, பொய் சொல்லக்கூடாது. நேரில் யாரும், ஜாக்கெட் தைக்கிறவன் கூட, என்னிடம் அதுவரை எதையும் நல்லா இருக்கிறது என்று சொன்னதில்லை.

அவரிடமும் போட்டுக் காட்டினேன். எங்கள் தெருக்கோடியில் பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்து பென்ஷன் வாங்குகிற பெரியவர் ஒருவர் இருக்கிறார். சொல்தா வீடு, அதாவது சிப்பாய் வீடு, என்றால்தான் தபால்காரருக்கே தெரியும். இந்த வயதிலும் விறைப்பாகக் கைவீசி நடப்பார்.

"இது நான் இல்ல" என்றார் என் வீட்டுக்காரர். "நம்ம சொல்தா நடந்து வராரு."

நான் சிரித்துவிட்டேன். அவர் சிரித்தாரா என்று பார்க்கவில்லை.

மழைக்காலம் முடிகிற சமயத்தில் அவருடைய இடது பாதத்தில், செருப்பு தேய்கிற இடத்தில், ஒரு கொப்புளம் வந்தது. அவருக்கு அங்கே உணர்ச்சி இல்லை, அதனால் தெரியவில்லை. துர்நாற்றம் வந்த பிறகுதான் நான் பார்த்தேன். பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம். விரலை எடுத்தார்கள். அது போதாமல் முழங்காலுக்குக் கீழே எடுத்தார்கள். வீட்டுக்கு வந்தபோது கட்டிலை ஜன்னலோரம் இழுத்துப் போட்டோம். மாடிக்கு அதன்பிறகு துணி காயப்போட மட்டும்தான் போகிறேன். அந்த ஆப்பைத் திறக்கவே மனசு வரவில்லை.

சில மாதம் கழித்து மகள் போன் பண்ணினாள்.

"யம்மா, அந்த 'கேட்டேன்' ஆளு இல்ல? அவரு இப்ப நீளமா எழுதியிருக்காரு."

"என்னன்னு?"

"'முதல்ல போட்டது எங்கங்க? அதுல ஒருத்தர் நடந்துட்டு இருந்தாரு. ரொம்ப நாளா தேடுறேன். இதுல அவரு இல்ல'ன்னு."

நாங்கள் யாரும் அவருக்கு அது நடை என்று சொல்லவில்லை. மற்றவர்கள் எல்லாம் மேளம் என்று நினைத்துத் திருத்தியதை, அந்த முகம் தெரியாத மனுஷர் ஒருத்தர் நடப்பதாகக் கேட்டிருக்கிறார். தினமும் வந்து, கேட்டேன் என்று சொல்லிவிட்டும் போயிருக்கிறார்.

"அவருகிட்ட அது இருக்கான்னு கேளு. உடனே கேளு" என்றேன். கேட்டவர்களுக்கு நான் பதில் போடச் சொன்னது அதுதான் முதல் தடவை.

சாயங்காலம் பதில் வந்தது. 'இல்லீங்க. அங்கேயே வந்து கேட்டுட்டுப் போயிடுவேன். எடுத்து வெச்சிக்கத் தோணல.'

எனக்கும்தான் தோன்றவில்லை.

அந்த 'டப்'பும் 'ஸ்ர்ர்'ரும் போனில் இன்னும் இருக்கின்றன. சத்தம் போகவில்லை, இரண்டுக்கும் நடுவில் இருந்த இடம்தான் போய்விட்டது. அதைத் திரும்ப வைத்துவிடலாம் என்று உட்கார்ந்தேன். கட்டிலுக்குப் பக்கத்தில் ஸ்டூலைப் போட்டுக்கொண்டு, 'ஸ்ர்ர்'ரை விரலால் துளி பின்னால் நகர்த்துவேன். கேட்பேன். இன்னும் துளி. அது ரொம்பத் தள்ளிப் போய்விடும். முன்னால் இழுப்பேன். அந்தச் சொல்தா நடை வந்துவிடும்.

என் வீட்டுக்காரரிடம் காட்டினேன். "இப்படியா இருந்தது?"

"எனக்கு எப்படித் தெரியும்?"

"நீங்கதானே நடந்தீங்க?"

"நடக்குறவன் எவன்டி தன் சத்தத்தைக் கேட்டுக்கினு போறான்? நான் நடந்தேன். கேட்டவ நீதான்."

இத்தனை வருஷம் கேட்டவள் நான்தான். எனக்குத் தெரியும் என்றுதான் நானும் நினைத்திருந்தேன். விரல் வைத்துத் தேடும்போதுதான் புரிந்தது, அது ஒரே இடைவெளி இல்லை. டேங்க் பக்கம் திரும்பும்போது இழுத்து வைப்பார். வெயில் சுட்டால் சீக்கிரம் வைப்பார். கீழே யாராவது கூப்பிட்டால் பாதியில் நின்று, விட்ட இடத்திலிருந்து எடுப்பார். ஒரு அடி மாதிரி இன்னொரு அடி இல்லை. அத்தனையும் அந்த நீளமான பதிவில் இருந்தது. நான் எதை எங்கே நகர்த்தினாலும் இந்த ஆப் அதையே திரும்பத் திரும்பச் சுற்றிக் காட்டுகிறது.

நேற்றும் உட்கார்ந்தேன். என் முகத்தைப் பார்த்துக்கொண்டே இருந்தவர், நான் போட்டுக் காட்டியதும், "ஆங், இதான். இதேதான். நல்லாருக்கு" என்றார்.

குழம்பில் உப்பு சரியாக இருந்தாலும் ஒரு வாய்க்கு இரண்டு வாய் பார்த்துத்தான் சொல்லுவார் அவர். இதை முழுசாகக் கூடக் கேட்கவில்லை.

"சரிங்க" என்று சொல்லிவிட்டு, அந்த 'கேட்டேன்' மனுஷருக்கு என்ன எழுதச் சொல்வது என்று யோசித்தேன். மகள் இரண்டு தடவை கேட்டுவிட்டாள், புதுசாகச் செய்ததைப் போடட்டுமா என்று. வேண்டாம் என்றிருக்கிறேன். அதில் ஒருத்தர் காலை இழுத்துக்கொண்டு நடக்கிறார்தான். மற்றவர்கள் நம்பிவிடுவார்கள். அந்த 'கேட்டேன்' மனுஷர் கேட்டால் கண்டுபிடித்துவிடுவார்.